ஏழு சென்ட் களமும் பேட் தாத்தாவும்

என் தாத்தாவின் பெயர் ரேஷன் கார்டிலும் பென்ஷன் புத்தகத்திலும் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் ‘பேட் தாத்தா’. ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைப் பக்கம் வரும்போது எந்த டீக்கடையில் வண்டியை நிறுத்திக் கேட்டாலும், “யாரு, பூப்பந்து சொல்லிக் குடுப்பாரே, அவரா?” என்று கேட்டு வழி காட்டுவார்கள். அவருக்கு நான்கு பிள்ளைகள், ஒன்பது பேரப்பிள்ளைகள். வீட்டில் என்னைக் ‘கண்ணு’ என்று கூப்பிடுகிறவர், களத்தில் இறங்கிவிட்டால் “லெஃப்ட் ஃப்ரண்ட்!” என்றுதான் அதட்டுவார். பேத்தி என்பதற்காக எனக்கு ஒரு பாயிண்ட்கூட ஏற்றிப் போட்டதில்லை. குறைத்துப் போட்டதுண்டு.

அவரைப் பற்றி எழுத வேண்டுமானால் அந்த ஆட்டத்தைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும். பூப்பந்து என்றதும் இறகுப்பந்தை நினைக்கிறவர்கள் பெருகிவிட்டதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பூப்பந்தில் இறகு கிடையாது. மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் சுற்றிச் செய்த பந்து. குறுக்களவு 5 முதல் 5.5 செ.மீ., எடை 27 முதல் 30 கிராம். களம் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். குறுக்கே வலை, நடுவில் ஆறடி உயரம். பக்கத்துக்கு 5 பேர்: முன்னால் இரண்டு பேர், நடுவில் ஒருவர், பின்னால் இரண்டு பேர். சுவரொட்டிகளில் ‘ஐவர் பூப்பந்து’ என்று போடுவது இதைத்தான். சர்வீஸை இடுப்புக்குக் கீழே வைத்து, எதிரணியின் குறுக்குக் கட்டத்துக்கு அனுப்ப வேண்டும். வலைக்கு ஒரு மீட்டர் தள்ளி ஒரு கோடு இருக்கும். சர்வீஸ் அதைத் தாண்டியாக வேண்டும். பந்து தரையில் பட்டால் அதோடு சரி. முன்பெல்லாம் ஓர் ஆட்டம் 29 புள்ளி, இப்போது 35. மூன்றில் இரண்டை எடுத்தவர் ஜெயித்தார்.

விதி இவ்வளவுதான். வித்தை எல்லாம் கம்பளியில் இருக்கிறது. அது பேட்டின் நரம்பைப் பிடித்துக்கொள்ளும், வழுக்காது. கட் அடிக்கத் தெரிந்தவர் கையில் பட்டால் பந்து சுழன்றுகொண்டே வந்து கடைசி நேரத்தில் உங்கள் பேட்டை விட்டு ஒதுங்கும். திறந்த வெளி ஆட்டம் என்பதால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் டாஸில் பக்கம் கேட்க தாத்தா விடமாட்டார். மார்கழி மாதம் இரவு ஏழு மணிக்கு மேல் ஆடினால் கம்பளி பனியைக் குடித்துக் கனத்துவிடும். அதே அடி, பந்து இரண்டடி முன்னால் விழும்.

இதற்காகவே அவர் ஒரு சின்னத் தராசு வைத்திருந்தார். தபால் எடை போடுகிற தராசு, ஸ்பிரிங் வைத்தது. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு பந்தையும் அதில் வைப்பார். முப்பதைத் தாண்டியது வெயிலுக்குப் போகும். இருபத்தேழுக்குக் கீழே இறங்கியது சின்னப் பிள்ளைகள் பழகப் போகும். நான் இன்று ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க டாலரன்ஸ் பார்ப்பதுதான் வேலை. எந்தப் பொருளுக்கும் மேலே ஓர் எல்லை, கீழே ஓர் எல்லை உண்டு என்பதைப் பாலிடெக்னிக்கில் சேரும் முன்பே திண்ணையில் படித்துவிட்டேன்.

தாத்தா இந்த ஆட்டத்தை எங்கள் ஊரில் கற்கவில்லை; பெரம்பூரில் கற்றார். 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கி வைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலை, எல்லோரும் ஐ.சி.எஃப். என்பார்களே, அங்கே அவர் ஃபிட்டர். ரயில்வேயில் அந்தக் காலத்தில் பூப்பந்துக்குத் தனி மரியாதை இருந்தது. ஷெட்டுக்கு ஷெட் அணி, மாலையானால் ஆட்டம், வெளியூரில் அகில இந்திய ரயில்வே போட்டிகள். தாத்தா பெரிய ஆட்டக்காரர் இல்லை. முதல் ஐந்து பேரில் இடம் கிடைப்பதே அபூர்வம். ஆனால் எல்லாருடைய பேட்டுக்கும் நரம்பு கட்டிக் கொடுப்பது அவர்தான். நரம்பு கட்டத் தெரிந்தவரை எந்த அணியும் விட்டுவிட்டுப் போகாது. அப்படியே கோரக்பூர், கரக்பூர் எல்லாம் பார்த்துவிட்டு வந்தார்.

வாரத்தில் ஆறு நாள் அயனாவரத்தில் நான்கு பேரோடு ஒரே அறை. சனிக்கிழமை சாயங்காலம் பூந்தமல்லி வந்து, அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து கிடைத்த வண்டி. கையில் ஒரு ரெக்சின் பை. அதில் பிள்ளைகளுக்குப் பொட்டலம், ஆயாவுக்கு வெற்றிலை, அடியில் ரயில்வே அணி ஆடி முடித்த பழைய பந்துகள். அப்பாவும் அத்தைகளும் பொட்டலத்துக்கு ஓடி வருவார்கள். தெருப் பிள்ளைகள் பந்துக்கு ஓடி வருவார்கள். இருபது வருடத்துக்கு மேல் இப்படியே வந்து போனவர், ஒரு சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை என்று ஆயா சொல்லும். நிஜமாகவே தவறவிடவில்லையா, ஆயா மறந்துவிட்டதா, தெரியாது. ஆயா அப்படித்தான் நினைவில் வைத்திருந்தது.

இந்த ஆட்டத்துக்குச் சொந்த ஊரே தமிழ்நாடுதான். 1856 வாக்கில் தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடிய ஆட்டம் என்று அதன் வரலாறு சொல்கிறது. அரண்மனையில் தொடங்கியது ஊருக்குள் பரவியதற்குக் காரணம் எளிது. இறகுப்பந்துக்குக் காற்றில்லாத கூடம் வேண்டும். இதற்குச் சமமான மண் தரையும் இரண்டு சவுக்குக் கம்பமும் போதும். 1954-இல் இந்தியப் பூப்பந்துக் கூட்டமைப்பு உருவானது. ஆந்திரத்தில் பிறந்து வாரங்கல்லில் வாழ்ந்த பிச்சையா 1970-இல் இந்த ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது வாங்கினார். பூப்பந்தில் அதை முதலில் வாங்கியவர் அவர்தான். நூறு வயதைக் கடந்து 2021-இல் காலமானார். அவருடைய படம் ஒன்றைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி தாத்தா தன் டிரங்குப் பெட்டியின் மூடியில் உள்பக்கமாக ஒட்டியிருந்தார். பக்கத்தில் முருகர் படம். இருவருக்கும் சேர்த்தே விபூதி.

1998 மார்ச்சில் 58 வயது முடிந்து ஓய்வு பெற்றார். அடுத்த இரண்டாவது மாதம் மத்திய அரசு ஓய்வு வயதை 60 ஆக்கியது. கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள். தாத்தா, “ரெண்டு வருசம் மிச்சம்” என்றார். அதே வருடம்தான் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ கார்கள் வெளியே வந்தன. எங்கள் பக்கம் அப்போது இன்னும் நெல்தான். பிறகு ஒவ்வொன்றாக வந்தன. ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி, தொலைக்காட்சி ஆலைகள். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிஸான். 2015-இல் வல்லம் வடகாலில் யமஹா. வண்டலூர் வாலாஜாபாத் சாலை அகலமானது. மாட்டு வண்டி போன வழியில் கார்களை ஏற்றிய நீளமான டிரெய்லர்கள் போயின.

தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுத்தபோது எங்கள் ஒன்றேகால் ஏக்கரும் போனது. வந்த பணத்தை தாத்தா நான்காகப் பிரித்தார்; இரண்டு மகன்களுக்கு என்ன பங்கோ அதேதான் இரண்டு மகள்களுக்கும். அப்பாவும் சித்தப்பாவும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். “நாலு பேரும்தானே பொட்டலத்துக்கு ஓடி வந்தீங்க?” என்று கேட்டாராம். அதற்கு மேல் அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை.

பூப்பந்து எங்கள் ஊரில் நிலைத்ததும் நிலங்கள் போனதால்தான். தாத்தா ஓய்வு பெற்று வந்ததும் களத்துமேட்டில்தான் வலை கட்டினார். நெல் அடிக்கிற காலத்தில் வலையை அவிழ்க்க வேண்டும். அறுவடை முடிந்தால் மறுபடி கட்டலாம். நிலங்கள் போன பிறகு அடிக்க நெல் இல்லை. களம் வருடம் முழுக்கக் காலியாக இருந்தது. சாணி தெளித்து மெழுகிய கெட்டித் தரை, சுற்றிலும் புங்க மரம். அந்த மண்ணில் நெல்லுக்குப் பதில் சுண்ணாம்புக் கோடு விழுந்தது. ஊரில் பலருக்கு அது வலித்தது. தாத்தாவுக்கும்தான். ஆனாலும் விடியற்காலையில் முதலில் போய்த் தண்ணீர் தெளித்தவர் அவரே.

ஆட்களைச் சேர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் எளிது. குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி என்று பள்ளிக்கூட விளையாட்டில் பூப்பந்து இருந்ததால் வாத்தியார்களே அனுப்பினார்கள். பத்து, பன்னிரண்டு முடித்து கம்பெனிக்குப் போனவர்கள்தான் காணாமல் போனார்கள். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. இந்த வட்டத்தில் சுழல்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதே தூங்கத்தான். ஒரே தெருவில் இருக்கும் ஐந்து பேரை ஒரே நேரத்தில் களத்தில் நிறுத்த முடியவில்லை.

தாத்தா ரயில்வேயில் பயன்படுத்துகிற மாதிரி ஒரு நீள நோட்டு வாங்கினார். இடது ஓரத்தில் பெயர். அடுத்து எந்தக் கம்பெனி பஸ், எந்த ஸ்டாப். அப்புறம் வாரவாரியாகக் கட்டம், அதில் ஷிப்ட் எழுத்து. ஞாயிறு காலையில் சைக்கிளில் வீடு வீடாகப் போய் அந்த வாரத்து ஷிப்டைக் கேட்டு எழுதிக்கொள்வார். ஏ ஷிப்ட் ஆட்கள் சாயங்காலம் நாலரைக்கு. பி ஷிப்ட் ஆட்கள் காலை ஒன்பதுக்கு. சி ஷிப்ட் ஆட்களுக்கு ஆட்டமே கிடையாது. “ராத்திரி முழுக்க மெஷின்கிட்ட நின்னுட்டு வந்தவன் பேட்டைத் தொட்டான்னா கையை ஒடிப்பேன். போய்த் தூங்குடா.” மதியம் தெருவில் எவனாவது சி ஷிப்ட்காரன் பைக்கில் சுற்றினால், அந்த வாரம் முடிந்து களத்துக்கு வரும்போது கணக்கு கேட்பார்.

அந்த நோட்டு செய்த இன்னொரு காரியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எங்கள் பக்கம் பழைய நாளில் விளையாட்டு அணி என்றால் தெருவுக்கு ஒன்று. ஊர்த்தெரு அணி தனி, காலனி அணி தனி; இரண்டும் ஒரு களத்தில் எதிரெதிராக ஆடினாலே பெரிய விஷயம், கலந்து ஆடுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. தாத்தா ஷிப்ட்படி அணி பிரித்தார். ஏ ஷிப்ட் ஓர் அணி, பி ஷிப்ட் ஓர் அணி. ஷிப்ட் பட்டியல் தெருவைப் பார்த்தா போடுகிறது? ஒரே அணியில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் வந்து நின்றார்கள். இரண்டு மூன்று பெரியவர்கள் வந்து திண்ணையில் உட்கார்ந்து சுற்றி வளைத்துப் பேசினார்கள். தாத்தா நோட்டை எடுத்து விரித்துக் காட்டி, “நானா போட்டேன்? கம்பெனி போட்ட ஷிப்டு. போய் கேட்டைத் தட்டிக் கேளுங்க” என்றார். கேட்டைத் தட்டி யார் கேட்பது? அதோடு விட்டார்கள்.

அவர் இதை யோசித்துத்தான் செய்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஏனென்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஷிப்ட் கிடையாது. அவர்களையும் ஏ, பி என்று பிரித்துத்தான் வைத்திருந்தார்.

ஆயா இந்த விஷயத்தில் மெதுவாகத்தான் வந்தது. ஆட்டம் முடிந்து வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் கேழ்வரகுக் கூழ், சனிக்கிழமை சுண்டல். முதல் ஒரு வருடம் யாருக்கு எந்த டம்ளர் என்று ஆயாவிடம் ஒரு கணக்கு இருந்தது. தாத்தா சண்டை போடவில்லை. ஒரு நாள் எல்லா டம்ளரையும் எடுத்துப் பரணில் போட்டுவிட்டு ஒரே ஒரு சொம்பை வைத்தார். “தூக்கிக் குடிங்கடா.” ஆயா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள், கூழ் பத்தவில்லை என்று பெரிய பானை கேட்டது.

பெண்பிள்ளைகளை ஆட வைப்பதற்கு அவர் நடந்த நடை தனிக்கதை. அரைக்கால் சட்டை போட வேண்டாம், சுடிதாரிலேயே ஆடட்டும், நான் கூட்டிப்போய்க் கூட்டி வருகிறேன் என்று ஒவ்வொரு தகப்பனிடமும் சொல்லி, சொன்னபடியே ஆட்டோவின் முன்சீட்டில் உட்கார்ந்து கூட்டி வந்தார். எங்கள் அணியில் யாரும் இந்தியாவுக்கு ஆடவில்லை. இரண்டு பேர் உடற்கல்வி ஆசிரியைகள். ஒருத்தி போலீஸ். மற்றவர்கள் என்னைப் போல கம்பெனிகளில். மத்திய அரசு வேலைகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் பூப்பந்தும் உண்டு என்பதை எங்களில் பலருக்கு அவர்தான் சொன்னார். சான்றிதழ்களுக்கு ஜெராக்ஸ் எடுத்து, ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவர் போட்டு, அதே டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்.

2014-இல் எங்கள் பகுதியில் ஒரு பெரிய ஆலை மூடியது. பதினெட்டு, இருபது வயதில் வேலைக்குப் போய், வீட்டுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் திடீரென்று பகலில் வீட்டில் இருந்தார்கள். அக்கம்பக்கத்தில் துக்கம் விசாரிக்கிற மாதிரிப் பேசினார்கள். தாத்தா நோட்டில் புதிதாக ஒரு பத்தி போட்டார்: ‘ஜெனரல்’. காலை பத்து மணிக்கு அவர்களுக்கு மட்டும் ஆட்டம். “வேலை இல்லன்னா என்னா, ஷிப்டு இருக்கு இல்ல?” என்பார். வேலை கிடைத்ததும் ஒவ்வொருத்தியாக அந்தப் பத்தியிலிருந்து வேறு பத்திக்கு மாறினார்கள். கடைசிப் பெயர் மாறும் வரை அவர் அந்தப் பத்து மணி ஆட்டத்தை நிறுத்தவில்லை.

பேஸ்பால் எங்கள் களத்துக்கு வந்தது என் கம்பெனி வழியாக. ஜப்பானிலிருந்து பணிக்கு வந்திருந்த பொறியாளர் ஒருவர் ஒரு பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். இலையில் உட்காரும் முன்பே களத்தைப் பார்த்துவிட்டார். பந்தைக் கையில் வாங்கி உருட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த முறை வந்தபோது ஒரு பேஸ்பால் கொண்டுவந்தார், பள்ளிக்கூடத்தில் ஆடியவராம். பேஸ்பால் என்றால் நம்மில் பலருக்குத் தெரிந்தது 2008-இல் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரண்டு உத்தரப் பிரதேச இளைஞர்கள் அமெரிக்காவுக்குப் பந்து வீசப் போன கதையும், அதை வைத்து எடுத்த, ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ படமும்தான். தாத்தாவுக்கு அதுவும் தெரியாது. பந்தை வாங்கியவர் நேரே தராசுக்குப் போனார். 145 கிராம். “நம்ம பந்து அஞ்சு சேர்ந்தா இது ஒண்ணு” என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைக் கேட்டார்.

அந்தப் பொறியாளர் கோஷியென் பற்றிச் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். ஜப்பானில் மேல்நிலைப் பள்ளிகளுக்கான பேஸ்பால் போட்டி 1915-இல் தொடங்கியது. 1924-இல் கட்டிய கோஷியென் மைதானத்தில் ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் நடக்கிறது. மாகாணங்களில் ஜெயித்த பள்ளிகள் வந்து மோதும். ஒரு தோல்வி வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும். தோற்ற அணியின் பிள்ளைகள் அழுதுகொண்டே மைதானத்து மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு போவது அங்கே வழக்கம். இதைச் சொல்லும்போது அவர் குரல் லேசாக இறங்கியது. தாத்தா கவனமாகக் கேட்டுவிட்டு, “நம்ம பசங்க அள்ளுனா அடுத்த மேட்சுக்குக் களம் இருக்காதே” என்றார். அதை மொழிபெயர்க்கலாமா என்று நான் தயங்கினேன். சொன்னதும் அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தப் பந்தைப் பையன்கள் கிரிக்கெட் மட்டையால் அடித்தே தையலைப் பிரித்துவிட்டார்கள். பேஸ்பாலில் 108 தையல் உண்டு. கோபப்படுவார் என்று பார்த்தால், தாத்தா திண்ணையில் உட்கார்ந்து தோலை முழுக்க உரித்து உள்ளே இருந்ததைப் பிரிக்க ஆரம்பித்தார். நடுவில் கார்க், அதன் மேல் ரப்பர், அதைச் சுற்றி இறுக்கமாக, கெஜக்கணக்கில், கம்பளி நூல். “ஏ லெஃப்ட் ஃப்ரண்ட், இங்க வா. உள்ள நம்ம பந்துதான்டி கீது.” அன்று முழுக்க வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பேஸ்பாலைப் பற்றி நான் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான். அமெரிக்காவில் பிள்ளைகளுக்கான ‘லிட்டில் லீக்’ 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில் தொடங்கியிருக்கிறது. தொடங்கிய கார்ல் ஸ்டாட்ஸ் ஒரு சாதாரண குமாஸ்தா. தன் உறவுப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒழுங்காக ஆட வேண்டும் என்று ஆரம்பித்தார். சீருடைக்கும் பந்துக்கும் பணம் கேட்டு ஊரில் உள்ள நிறுவனங்களின் வாசலில் ஏறி இறங்கினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கைவிரித்த பிறகுதான் ஒரு பால் பண்ணை சம்மதித்தது. அப்புறம் ஒரு மரக்கடை, ஒரு தின்பண்டக் கம்பெனி. முதல் வருடம் மூன்றே அணி, 30 பிள்ளைகள். இன்று அது பல நாடுகளில் பரவிய அமைப்பு. வளர்ந்த பின்னால் பணம் கொடுக்க எல்லோரும் வருவார்கள். அந்தப் பால் பண்ணைக்காரரைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

தாத்தாவும் ஒரு முறை ஒரு கம்பெனிக்கு மனு எழுதினார். களத்துக்கு நான்கு விளக்கு வேண்டும், ஏ ஷிப்ட் ஆட்கள் ஆடச் சௌகரியமாக இருக்கும் என்று. வந்தது இருபது டி-ஷர்ட். நெஞ்சில் கம்பெனி பெயர். போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். தாத்தா கோபப்படவில்லை, இருபதும் ஒரே சைஸ் என்பதில்தான் வருத்தம்.

கடைசிப் பத்து வருடம் அவருடைய நோட்டில் வேறு பெயர்கள் ஏறின. களத்தைச் சுற்றி லைன் வீடுகள் வந்தன; பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத்துக் குடும்பங்கள் வாடகைக்கு வந்தன. அந்தப் பிள்ளைகள் வலைக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். தாத்தா ரயில்வே போட்டிகளில் கற்ற இந்தியை நாற்பது வருடம் கழித்து வெளியே எடுத்தார். “பீச்சே ஜா! ஊப்பர் மார்!” அவர் இந்தியில் கத்த, அவர்கள் “சரி தாத்தா” என்று தமிழில் பதில் சொல்வார்கள். பஞ்சாயத்துப் பள்ளியில் அந்தப் பிள்ளைகள் பூப்பந்து அணியில் இருக்கிறார்கள். இன்று எங்களுடைய நல்ல ‘சென்டர்’ கயா பக்கத்துப் பெண்.

2024 கோடையில் தாத்தா காலமானார், 84 வயது. படுக்கையில் விழவில்லை. முந்தின நாள் சாயங்காலம் வரை நாற்காலி போட்டுக் களத்தோரம் உட்கார்ந்திருந்தார். சாயங்காலமே எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்பாதான் வேண்டாம் என்றார். சி ஷிப்ட் போகிறவர்கள் ஒன்பது மணிக்குச் சீருடையோடு வந்து பார்த்துவிட்டு பஸ் ஏறினார்கள். பி ஷிப்ட் முடித்தவர்கள் பதினொன்றுக்கு மேல் வந்தார்கள். ஏ ஷிப்ட் ஆட்கள் விடியற்காலை நாலரைக்கு வந்தார்கள். அதன் பிறகே எடுத்தோம்.

நோட்டு இப்போது என்னிடம். எழுத ஆள் இருக்கிறது, ஆட ஆள் இருக்கிறது. களம்தான் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஒரு பக்கம் லாரிகள் நிற்கின்றன; கிருத்திகை நாளில் வல்லக்கோட்டை முருகரைப் பார்க்க வருகிறவர்களின் வண்டிகள் நிற்கின்றன. புறம்போக்கு நிலம் என்பதால் நாளைக்கே வேறு எதற்காவது ஒதுக்கினாலும் கேட்க முடியாது.

ஒரு பூப்பந்துக் களத்துக்கு வேண்டிய இடம் 288 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏழு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. சுற்றிலும் நின்று ஆட இடம் விட்டாலும் பத்து, பன்னிரண்டு சென்ட். எங்கள் பகுதியில் ஒரு நடுத்தரக் கம்பெனியின் இருசக்கர வண்டி நிறுத்துமிடமே அதைவிடப் பெரிது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ உள்ள கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணிகளின் பட்டியலில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சி என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆக, சட்டம் இடம் கொடுக்கிறது. பணமும் இருக்கிறது.

ஒரகடம், வல்லம், மாம்பாக்கம், சுங்குவார்சத்திரம் பக்கத்துக் கம்பெனிகளில் இந்தப் பணத்தைக் கையாளுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், டி-ஷர்ட் வேண்டாம். ஊராட்சியோடு பேசிக் களத்தை விளையாட்டுக்கென்று எழுத்தில் ஒதுக்க உதவுங்கள்; நான்கு விளக்கு போடுங்கள்; ஷிப்ட் பட்டியலை ஒரு வாரம் முன்னதாக ஒட்டுங்கள். மற்றவர்களிடம் கேட்பது சின்ன விஷயம்தான். உங்கள் வீட்டுப் பரணில் நரம்பு அறுந்த பழைய பூப்பந்து பேட் கிடந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுங்கள். நரம்பு கட்ட ஆள் இல்லையென்று அவர் சொன்னால் எங்கள் களத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். தாத்தா எனக்குக் கட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.